பதின்மூன்று வயதுக்கென ஓர் அலமாரி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்திற்குப் புதிய நூல்கள் வந்திருப்பதாக நூலகர் தொலைபேசியில் சொன்னபோது, அவற்றைப் பிரித்து அடுக்க நானும் வருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நூலகத்திற்கு விடுமுறை. மறுநாள் காலை கதவு திறந்ததும் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த மூவர் போய்ச் சேர்ந்தோம். மாவட்ட மைய நூலகத்திலிருந்து வந்த கட்டுகள் சணல் கயிறு பிரிக்கப்படாமல் நாளிதழ் மேசைக்கு அடியில் கிடந்தன. ஒவ்வொரு நூலையும் பட்டியலோடு ஒப்பிட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, எண் எழுதி, முத்திரையிட்டு முடிப்பதற்குள் பிற்பகலாகிவிட்டது. வழக்கமாக இந்த வேலையின் முடிவில் மேசைமேல் இரண்டு அடுக்குகள் இருக்கும். ஒன்று சிறுவர் பகுதிக்கு, மற்றொன்று பெரியவர்களுக்கு. இம்முறை நூலகரின் இசைவோடு மூன்றாவதாக ஓர் அடுக்கு வைத்தோம். பதின்மூன்று வயது முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் கையில் எடுத்தால் அவர்களுக்கு உரியதாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றிய கதை நூல்களை மட்டும் அதில் சேர்த்தோம். மொத்தம் பதினேழு நூல்கள் தேறின. அந்தப் பதினேழைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மூன்றாவது அடுக்கு எதற்கு என்று உடனிருந்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் மொழி மனித வயதை மிக நுட்பமாகப் பகுத்துப் பெயரிட்ட மொழி. பேதை, பெதும்பை என்று தொடங்கும் பெண்பாற் பருவங்களில் 12, 13 வயதுக்கு மங்கை என்றும், 14 முதல் 19 வரை மடந்தை என்றும் பெயர்கள் உண்டு. ஆண் பிள்ளைகளின் அந்த வயதை விடலைப் பருவம் என்று இன்றும் பேச்சில் சொல்கிறோம். பெயர் இருந்தும், நூலகத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. சாகித்திய அகாதெமி 2010-இல் தொடங்கிய பால சாகித்திய விருதுகூட 9 முதல் 16 வயது வரையிலான வாசகர்களை ஒரே வரம்புக்குள் வைத்தே நூல்களைப் பார்க்கிறது. ஒன்பது வயதுக் குழந்தை மகிழ்ந்து படிக்கும் கதையைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் நீட்டினால், அவன் அதை வாங்குவதற்கு முன்பே யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பான்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஏழாம் வகுப்பு வரை ஞாயிற்றுக்கிழமை என்றால் நூலகம் என்றிருந்தவள், எட்டாம் வகுப்பில் வருவதை நிறுத்திக்கொண்டாள். காரணம் கேட்டபோது, “அந்த நாற்காலியில உட்கார்ந்தா முழங்கால் மேசையில இடிக்குதும்மா” என்றாள். சிறுவர் பகுதியில் போட்டிருக்கும் வண்ண வண்ணமான குட்டி நாற்காலிகளைத்தான் சொன்னாள். பெரியவர்கள் பகுதியில் உட்காரலாமே என்றதற்கு, அங்கே முழுக்கத் தாத்தாக்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்களுமாக இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. முழங்கால் இடிக்காத நாற்காலி, படிக்கும்போது யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலை, தன் வயதுக்காரர்கள் வரும் கதை ஆகிய மூன்றையும் எந்தப் பகுதியிலும் சேர்த்துக் காண முடியாததால்தான் அவள் விலகினாள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

எனக்கும் அந்த வயதில் அதே அனுபவம் வேறு விதமாக நேர்ந்தது. பதின்மூன்று வயதில், வேறோர் ஊர் நூலகத்தில், நான் எடுத்து வந்த நாவலை முகப்பு மேசையில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது உனக்கில்ல பாப்பா” என்று தம் பக்கம் வைத்துக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த நாவல் அந்த வயதுக்கு ஏற்றதாக இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்படியானால் எனக்கு உரியது எது என்று அவரால் காட்ட முடியவில்லை என்பதே என் மனக்குறை. என் தலைமுறையில் பெரும்பாலோர் அம்புலிமாமாவிலிருந்தும் கோகுலத்திலிருந்தும் ஒரே தாவலாகக் கல்கியின் சரித்திரக் கதைகளுக்கோ, பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய துப்பறியும் நாவல்களுக்கோ போனவர்கள்தாம். அந்தத் தாவலில் சிலர் நல்ல வாசகர்கள் ஆனோம். பலர் தாவவே இல்லை, பாடநூலோடு நின்றுவிட்டார்கள்.

இந்த வயதினருக்கெனத் தனி இடம் வேண்டும் என்று நூலகங்கள் நினைக்கத் தொடங்கி நூறாண்டு ஆகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து பொது நூலகம் 1925-இல், எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் பெயரில் பதின்பருவத்தினருக்கென ஓர் அறையைத் திறந்தது. பால்டிமோர் நகரின் நூலகத்தில் இளையோர் பிரிவை நடத்திய மார்கரெட் எட்வர்ட்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஏழைகள் வாழ்ந்த தெருக்களுக்குப் போனார். இதைப் படித்தபோது எனக்கு மன்னார்குடி நினைவுக்கு வந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1931-இல், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் நூலகம் அமைத்து அந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதற்குத் தூண்டுதலாக இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அவருடைய ஐந்து நூலக விதிகள் நூலாக வெளிவந்ததும் அதே 1931-இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்னும் இரண்டாம், மூன்றாம் விதிகளை எழுதிய மனிதர் பிறந்த மண்ணில், பதினைந்து வயது வாசகர் இன்னும் தமக்குரிய நூலைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று நான் மனமார நம்புகிறேன்.

இனி அந்தப் பதினேழுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பற்றிச் சொல்லப் போவதில்லை. ஐந்து நூல்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் கதை எங்கே தொடங்கினாலும் கடைசி இரண்டு பக்கங்களில் ஒரு தாத்தாவோ ஆசிரியரோ வந்து நின்று, கதையில் நடந்ததற்கெல்லாம் பொருள் சொல்லிவிட்டுப் போகிறார். எட்டு வயதுக் குழந்தை இதைப் பொறுத்துக்கொள்ளும். பதினான்கு வயதுப் பிள்ளையோ வீட்டிலும் பள்ளியிலும் நாள் முழுவதும் கேட்டுச் சலித்த குரலைத்தான் அந்தப் பக்கங்களில் மறுபடியும் கேட்கிறது. வேறு நான்கு நூல்கள் உள்ளே நன்றாக இருந்தும் அட்டையால் கெட்டுப்போயிருந்தன. கண்களை உருட்டிச் சிரிக்கும் கார்ட்டூன் முயலை அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே பெற்றோரின் பிரிவைப் பற்றிய கதையை வைத்தால் யார் எடுப்பார்கள்?

மீதமுள்ளவற்றில் என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது மிகச் சிறிய ஒன்று. பாரதி புத்தகாலயத்தின் சிறார் நூல் வரிசையோடு சேர்ந்து, பதின்பருவத்தினருக்கென்றே சிறு நூல்களை வெளியிட்டு வரும் ‘ஓங்கில் கூட்டம்’ கொண்டுவந்த ‘கயிறு’ அது. எழுதியவர் விஷ்ணுபுரம் சரவணன். (ஓங்கில் என்பது டால்பினுக்கான தமிழ்ச் சொல், கூட்டமாக நீந்தும் அந்த உயிரின் பெயரை இந்த வயதினருக்கான நூல் வரிசைக்கு வைத்தவர்களை நான் மனத்துக்குள் பாராட்டினேன்.) பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கயிற்றைப் பற்றிய கதை இது. அந்தக் கயிறு சாதியைக் காட்டும் அடையாளமாவதை, பிள்ளைகளின் உலகத்துக்குள்ளேயே நின்று சொல்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளைப் பற்றி ஓரளவு அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறுகள் கட்டி வருவதைத் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கையைப் பெரியவர்கள் படிப்பார்கள். கயிற்றைக் கட்டியிருக்கும் பிள்ளை படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒரே மூச்சில் படித்து முடித்துவிடக்கூடிய இந்தச் சின்ன நூலைக் கையில் கொடுக்கலாம்.

இப்படிப்பட்ட மெல்லிய நூல்களுக்கு நூலகத்தில் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் ஊசி அடித்துத் தைத்த நூலுக்கு முதுகு கிடையாது. முதுகு இல்லாததால் தலைப்பு அச்சிடவும் இடம் இல்லை. நிறுத்தி அடுக்கினால் முந்நூறு பக்க நாவல்களின் இடையில் நுழைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்படிப் போன நூல்களை இருப்புச் சரிபார்ப்பின்போது மட்டுமே மீண்டும் பார்க்க முடியும். அதனால் அவற்றை அட்டை முன்னே தெரியும்படி கம்பி மாட்டியில் வைப்பது என்று முடிவு செய்தோம். வார இதழ்களுக்காக வாங்கி, பயன்படாமல் கிடந்த மாட்டி ஒன்றைத் துடைத்து எடுத்தோம்.

உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ அடுத்தது. 2023-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருது பெற்ற இந்த இளையோர் நாவல் கீழடியை மையமாகக் கொண்டது. ஆதன் என்ற பெயர் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கும் பெயர். ஒரு பானையில் தன் பெயரைக் கீறி வைத்த மனிதரைப் பற்றி எட்டாம் வகுப்புப் பாடம் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அவன் ஒரு பையனாக இருந்தால் எப்படி இருந்திருப்பான் என்று நினைத்துப் பார்ப்பது கதையால் மட்டுமே ஆகிற வேலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் சிலர் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்திற்குப் பள்ளிச் சுற்றுலாவாகப் போய் வந்தவர்கள் என்பதால், இதற்கு வாசகர் கிடைப்பதில் சிரமம் இருக்காது. ஆனால் பத்து வயதினரும் இதை மகிழ்ந்து படிப்பார்கள். மூன்றாவது அடுக்கில் வைக்கலாமா என்று தயங்கி, இரண்டு படிகள் வந்திருந்ததால் ஒன்றை இங்கும் ஒன்றைச் சிறுவர் பகுதியிலும் வைத்தோம்.

புதிய வரவு என்று சொன்னாலும் கட்டுக்குள் சில பழைய தோழர்களும் இருந்தார்கள். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ மறுபடி வந்திருந்தது. பழைய படி பலர் கை பட்டுத் தாள் தாளாகப் பிரிந்துவிட்டது. அறிவியல் ஆசிரியை ஒருவர் தம் நூலுக்கு எழுதும் முன்னுரையின் வடிவில், வகுப்பில் கேள்வி கேட்டதற்காக அடிபடும் ஒரு மாணவியின் கதையைச் சொல்லும் குறுநாவல் அது. 1990-களில் வெளிவந்து, ஆசிரியர்களுக்கிடையே கைமாறிக் கைமாறிப் பரவியது. அதைப் பெரும்பாலும் ஆசிரியர்களுக்கான நூலாகவே பேசி வருகிறோம். நான் அதை இளையோர் அலமாரியில் வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். கேள்வி கேட்கும் பிள்ளைக்குத் தான் தனியள் அல்லள் என்று தெரிவது முக்கியம். முடிவு துயரமானது என்று நண்பர் தயங்கினார். துயரமான முடிவைத் தாங்கும் வயது என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான் என்று நான் சொன்னேன். இப்போதும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என்றாலும் அந்த நூலை எடுத்துச் செல்பவர் திருப்பித் தரும்போது நூலகர் அவரிடம் நான்கு வார்த்தை பேசுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

வந்த நூல்களோடு, பெரியவர்கள் பகுதியில் இருந்த ஒன்றையும் எடுத்துவந்து சேர்த்தோம். சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. கிர்கிஸ் கிராமம் ஒன்றில் பழைய குதிரைக் கொட்டடியைப் பள்ளிக்கூடமாக்கும் தூய்ஷேன், அவரிடம் படிக்கும் அல்தினாய் என்ற அநாதைப் பெண் ஆகியோரின் கதை. அவள் விருப்பமின்றி மணம் செய்து அனுப்பப்படும்போது அவளுக்கு வயது பதினைந்துக்கு மேல் இருக்காது. ரஷ்ய இலக்கியம் என்ற பெயர்ப் பலகையின் கீழ் எத்தனையோ ஆண்டுகள் அந்த நூல் ஓய்வு பெற்றவர்களுக்காகவே காத்திருந்தது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கச் சைல்டுலைன் 1098 எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதிப்போட்டிருக்கும் நம் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு, அல்தினாய் தூரத்துப் பெண் அல்லள்.

வகைப்படுத்தும் சிக்கலை எப்படித் தீர்த்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற ஊர் வாசகர் வட்டத்தாருக்கு உதவக்கூடும். பட்டியலில் சிறுவர் நூல் என்று வந்ததை நூலகர் தம் விருப்பப்படி வேறு வகைக்கு மாற்ற இயலாது. தணிக்கையின்போது பதிவேடும் அலமாரியும் ஒத்திருக்க வேண்டும். அதனால் எண்ணையோ வகையையோ தொடவில்லை. நூலின் முதுகிலும், முதுகில்லாத நூலுக்கு அட்டையின் இடது மூலையிலும் ஒரு பச்சை ஒட்டுத்தாள் மட்டும் ஒட்டினோம். பச்சை ஒட்டியவை சன்னலோர அலமாரியில் இருக்கும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதினோம். பலகையில் ‘சிறுவர்’ என்ற சொல் வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ‘இளையோர் கதைகள்’ என்று எழுதி நிறுத்திக்கொண்டோம். அலமாரிக்குப் பக்கத்தில் பெரிய நாற்காலிகள் இரண்டு போட்டோம்.

முதல் இரண்டு வாரங்களில் பதினேழில் ஒன்பது நூல்கள் வெளியே போயின. எண்ணிக்கை சிறியது, ஆனால் எடுத்தவர்களில் ஆறு பேர் ஓராண்டுக்கு மேலாக நூலகத்தின் பக்கமே வராதவர்கள் என்று நூலகர் உறுப்பினர் அட்டைகளைப் பார்த்துச் சொன்னார். ‘கயிறு’ நூலைப் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் அலமாரிக்கு அருகில் நின்றபடியே படித்து முடித்துவிட்டு, மறுபடியும் மாட்டியில் வைத்துவிட்டுப் போனான். அவன் மணிக்கட்டில் இரண்டு நிறக் கயிறு இருந்தது. மறு வாரம் வந்து அதே நூலைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு போனான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்கும் நூலகருக்கும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே தெரிந்திருந்தது.

குறைகள் நிறைய இருக்கின்றன. பதினேழு நூல்களில் காதல் என்ற சொல்லே வரவில்லை. அந்த வயதில் மனத்தை முழுதும் பிடித்து ஆட்டுகிற ஒன்றைப் பற்றி நம் இளையோர் கதைகள் இவ்வளவு மௌனமாக இருப்பது சரியில்லை. நாம் பேசாததைக் கைப்பேசி வேறு விதமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. மாதவிடாய் வரும் கதை ஒன்றுதான் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வில் தோற்ற பிள்ளை நாயகனாக வரும் கதை ஒன்றுகூட இல்லை. எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. இப்படிப்பட்ட நூல் ஒன்றைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக, பெற்றோர் நூலகத்திற்கு வந்து சத்தம் போட்டால் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியவர் கிளை நூலகர்தான். வாசகர் வட்டம் அப்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எங்கள் மாதக் கூட்டத்தில் பேசி, அதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதி வைத்தோம்.

வாங்கும் இடத்திலும் ஒன்று செய்யலாம். தமிழகத்தில் 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. நூலகங்கள் நம் வீட்டு வரியில் வளர்பவை. நூல்களைத் தேர்ந்து வாங்கும்போது சிறுவர் என்ற ஒரே தலைப்புக்குப் பதிலாகச் சிறுவர், இளையோர் என்று இரண்டு தலைப்புகள் வைத்தாலே போதும், பதிப்பகங்கள் அந்த இரண்டாவது தலைப்புக்கென நூல்களை உருவாக்கத் தொடங்கும். அரசு வாங்கும் என்று தெரிந்தால் அட்டையில் முயலைப் போட வேண்டிய கட்டாயமும் குறையும். நாங்கள் இதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, நாற்பத்திரண்டு வாசகர்களின் கையெழுத்தோடு மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பியிருக்கிறோம். கையெழுத்திட்டவர்களில் பத்தொன்பது பேர் பதினெட்டு வயது நிறையாதவர்கள். அவர்களுக்கென்று தனித் தாள் வைத்து, பெயருக்குப் பக்கத்தில் வகுப்பையும் எழுதச் சொன்னோம்.

பச்சை அலமாரியின் மேல் தட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டும், நூல் கட்டிய பேனாவும் இருக்கின்றன. வேண்டிய நூலை எழுதலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. இதுவரை பதினோரு வேண்டுகோள்கள் வந்துள்ளன. பேய்க்கதை வேண்டும் என்று நால்வர் எழுதியிருக்கிறார்கள். கபடி விளையாடும் பெண்ணைப் பற்றிய கதை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டாவது வேண்டுகோள் என் மகளின் கையெழுத்தில் இருந்தது. “அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீட்டுக் கதை” என்று எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா துபாய்க்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கதையை நானும் நூலகரும் இந்த வாரம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறோம். தமிழில் இளையோருக்கென அப்படி ஒரு நூல் உங்கள் நூலகத்தில் இருந்தால், பெயரை எனக்குத் தெரியப்படுத்துங்கள்.